வேருக்கு ஒரு குழாய்

லாரிக்காரர் வீட்டில் யாருக்கும் தாகம் எடுக்க விடமாட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே டம்ளர் கைக்கு வந்துவிடும். வேண்டாம் என்றால் முகம் சுருங்கிப்போகும். வாங்கிக் குடித்துவிட்டு வந்த விஷயத்தைச் சொல்வதுதான் எல்லாருக்கும் நல்லது. மழை எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஊர் எங்களுடையது. வாசலுக்கு வாசல் நீல டிரம் நிற்கும் தெருவில் தண்ணீர் லாரி ஓட்டிப் பிழைக்கிற வீடு அது. அவர்களுக்கு அன்பு என்றால் தண்ணீர்தான். அதை வேறு விதமாகக் காட்ட அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

என் பஞ்சர் கடை அந்த வீட்டுக்கு நேர் எதிரில். டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்க்கும் நேரம் போக, மீதி நேரமெல்லாம் என் கண் அந்த வீட்டு வாசலில்தான். அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவன் என்று என் மனைவி சொல்வாள். நான் நுழைப்பதில்லை. அது தானாக வந்து விழுகிறது.

லாரிக்காரர் விடியும் முன் ஊருக்கு வெளியே இருக்கும் போர்வெல்லுக்குப் போய் வரிசையில் நிற்பார். லாரிக்கு அந்த வீட்டில் 'மூத்தவ' என்று பெயர். மகன் பிறப்பதற்கு முன்பே வாங்கிய வண்டி, அதனால். மூத்தவளுக்கு உடம்பு சரியில்லை, மூத்தவளுக்கு எண்ணெய் மாற்ற வேண்டும் என்றுதான் பேச்சு. மகன் ஏ.சி. மெக்கானிக். "ஊருக்கே தண்ணி காட்டுறது எங்கப்பா, ஊருக்கே குளிர் காட்டுறது நான்" என்பான். லாரிக்காரரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், போன் பக்கத்தில் உட்கார்ந்து எந்த வீட்டுக்கு முதல் நடை, எந்த வீட்டுக்குக் கடைசி நடை என்று தீர்ப்புச் சொல்வார். கைக்குழந்தை இருக்கும் வீடு, படுக்கையில் ஆள் கிடக்கும் வீடு, விருந்தாளி வந்த வீடு என்று அவருக்குள் ஒரு வரிசை உண்டு. காசை வைத்து அந்த வரிசையை யாராலும் மாற்ற முடியாது.

இந்த வீட்டுக்குத்தான் பனி விழும் ஊரிலிருந்து ஒரு மருமகள் வந்தாள்.

மகன் அங்கே கொஞ்ச காலம் வேலை பார்த்தபோது பழக்கம். அவள் அங்கே சாலையில் விழுந்த பனியைத் தள்ளும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தாளாம். விடியும் முன் வண்டியை எடுத்து, ஊர் எழுந்திருக்குமுன் சாலையைத் திறந்துவிடும் வேலை. இதைக் கேட்டதும் தெரு மொத்தமும் வாயைப் பிளந்தது. லாரிக்காரருக்கு மட்டும் உச்சி குளிர்ந்துவிட்டது. "நம்ம தொழில்தான். நான் தண்ணிய ஊத்துறேன், அது உறைஞ்ச தண்ணிய ஒதுக்குது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஆனால் வண்டிச் சாவியை அவள் கையில் கொடுக்கவில்லை.

வந்த புதிதிலேயே அவள் கேட்டாள். வாசலில் நின்று கேட்டது என் காதில் விழுந்தது.

"மாமா, நாளைக்கு ஒரு நடை நான் போயிட்டு வரவா?"

"எதுக்கும்மா? இந்த வெயில் உனக்கு ஆகாது. உள்ள போய் ஃபேன் கீழ உக்காரு."

"பெரிய லாரி எனக்குப் பழக்கம்தான் மாமா."

"வண்டி பழக்கம்தாம்மா. வெயில் பழக்கம் இல்லையே."

உள்ளேயிருந்து அக்காவின் குரலும் வந்தது. "வந்து சாப்பிடு கண்ணு. வெயில்ல நின்னு பேசாத."

"இப்பதான சாப்பிட்டேன் அத்தை."

"அது காலைல. இது பழம்தான், சாப்பாடு இல்ல."

அவளை அப்படித்தான் தாங்கினார்கள். தரையில் கால் படவிடவில்லை என்பார்களே, அது அந்த வீட்டில் நிஜமாகவே நடந்தது. தரை சுடுகிறது என்று அவள் நடக்கும் வழியெல்லாம் அக்கா ஈரச்சாக்கு விரித்துவைத்தார். கணவன் புதிதாக ஒரு ஏ.சி. மாட்டினான். அவள் துணி காயப்போட வெளியே வந்தால் வீட்டுக்குள்ளிருந்து மூன்று குரல் கூப்பிடும். அவளும் சிரித்துக்கொண்டே உள்ளே போவாள். கொஞ்ச நாளில் அந்தச் சிரிப்பு குறைந்தது. வெயில்தான் பிள்ளையை வாட்டுகிறது என்று தெரு சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வெயில் குறைந்திருந்த ஒரு மாதத்தில் அவள் தனியாக நர்சரிக்குப் போய் ஆட்டோவில் ஒரு மரக்கன்றோடு வந்து இறங்கினாள். இடுப்புயரம். மூன்று விரலை விரித்தது போல் சின்னச் சின்ன இலை.

"என்ன மரம்மா இது?" என்று நான்தான் முதலில் கேட்டேன்.

"மேப்பிள், பஞ்சர் அண்ணா."

"அது குளிர்ல வளர்றதாச்சே? படத்துல பாத்திருக்கேன். செவப்பா இருக்கும்."

"அதுல நிறைய ஜாதி இருக்கு. இது காய்ஞ்ச மலையில, பாறை இடுக்குல வளர்றது. வெயில் தாங்குமாம். வேர் கீழ போற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்கிட்டா போதும், அப்புறம் அதுவே பாத்துக்கும்னு நர்சரிக்காரர் சொன்னார்."

வாசலின் கிழக்குப் பக்கம், மதியத்துக்கு மேல் மாடிச்சுவரின் நிழல் விழும் இடத்தில் நட்டாள். எங்கள் மண் தெரியுமே, ஒரு சாண் தோண்டினால் கடப்பாரை திரும்பி நம்மையே பார்க்கும். குழியைத் தோண்ட மகனும் நானும் கை கொடுத்தோம். ஈரம் காயாமல் இருக்க மரத்தூளைச் சுற்றிப் பரப்பி, கையைத் தட்டிக்கொண்டு அவள் நிமிர்ந்தாள். முகம் சிவந்து வேர்த்திருந்தது. அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"இதுக்குத் தண்ணி நான்தான் ஊத்துவேன். யாரும் ஊத்த வேணாம். எப்பவாவது ஒரு தடவை, ஆழமா ஊத்தணும். அவ்ளோதான்" என்றாள். பிறகு போகிற போக்கில், "இது இங்க பொழைச்சா நானும் பொழைச்சுருவேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

சொன்னவள் போய்விட்டாள். கேட்ட லாரிக்காரர், அக்கா, மகன் மூன்று பேரும் அங்கேயே நின்றார்கள்.

அதற்கப்புறம் நடந்ததை என் கடையில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். மறுநாள் அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் லாரிக்காரர் ஒரு பழைய ரேடியேட்டர் குழாயை எடுத்து வந்தார். மரத்துக்குப் பின்னால், சுவர் ஓரமாகக் கம்பியால் ஓட்டை போட்டு, குழாயை வேர் வரைக்கும் இறக்கினார். குழாயின் வாயை ஒரு செங்கல் வைத்து மூடினார். மேல் மண் நனையாமல் தண்ணீர் நேராக வேருக்குப் போக வேண்டும் என்பது லாரிக்காரரின் கணக்கு. மருமகளுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாள் என்பது இன்னொரு கணக்கு. அன்று முதல் கடைசி நடை முடிந்து லாரித் தொட்டியின் அடியில் தங்குகிற தண்ணீர் அந்தக் குழாய்க்குப் போயிற்று.

அக்கா அதைச் சமையலறை ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார். மனிதர் வேலை மும்முரத்தில் மறந்துபோவார் என்று, காய் கழுவிய தண்ணீரைக் காலையில் கொண்டுவந்து செங்கலை நகர்த்தி ஊற்றினார். மகன் வண்டியை நிறுத்தும்போது ஒருநாள் செங்கலில் கால் தடுக்கிக் குழாயைக் கண்டுபிடித்தான். ஏ.சி.யிலிருந்து சொட்டிச் சேரும் வாளித் தண்ணீர் அவன் பங்கு. ஒருவர் தினமும் ஊற்றுவது இன்னொருவருக்குத் தெரியாது. எனக்கு டயர் தெரியும், மரம் தெரியாது. இந்த மரத்துக்கு நல்ல தாகம் போல என்று நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன்.

வெயில் ஏறியது. காற்று அடுப்பிலிருந்து வருவது போல் வந்தது. தார் உருகி லாரி டயரில் ஒட்டியது. மரத்தின் இலை ஓரம் பழுப்பேறிச் சுருண்டது. அப்புறம் நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்றதெல்லாம் மஞ்சளானது. மருமகள் தினமும் வந்து மண்ணைக் கிளறி விரல் வைத்துப் பார்ப்பாள். மேலே காய்ந்துதான் இருக்கும். தண்ணீர் ஊற்றும் நாள் வந்துவிட்டதோ என்று ஊற்றுவாள். இலை இன்னும் கொட்டும்.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய பழைய வேலையிடத்திலிருந்து போன் வந்தது. பனிக்காலத்துக்கு ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டார்களாம். யோசித்துச் சொல்கிறேன் என்றாளாம். இதை என்னிடம் சொன்னது அக்கா. பஞ்சர் ஒட்ட வந்த மாதிரி ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் கடைக்கு வந்திருந்தார். சக்கரத்தில் காற்று நன்றாகவே இருந்தது.

"போயிருவாளாப்பா?"

"ஏன்க்கா போகப்போறா?"

"மரத்தைப் பாத்தியா? அன்னைக்கு என்ன சொன்னா, நீயும்தான கேட்ட. அதுக்கப்புறம் நான் ஒரு நாளாவது விட்டேனா? எவ்ளோ செஞ்சும் காயுதேப்பா."

"வெயிலுக்கா. வெயில் குறைஞ்சா சரியாயிரும்."

"போறதுன்னா பையன் தனியாவா இருப்பான், அவனும்தான் போவான். போகட்டும், அவங்க நல்லா இருந்தா சரி. ஆனா இங்க இருந்து பொழைக்க முடியாம போனாங்கன்னு ஆயிரக் கூடாது. நான் வச்சுப் பாத்துக்கலன்னு ஆயிரக் கூடாது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காற்று நிறைந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் என்ன செய்வது, காற்று அடித்துச் சரியாக்குகிற காரியமா அது.

அன்றிலிருந்து மூன்று பேரும் தண்ணீரைக் கூட்டினார்கள்.

ஒரு வாரக்கடைசி, காலை வெயில் இன்னும் உறைக்காத நேரம். மருமகள் என் கடைக்கு வந்து கடப்பாரை கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"எடுத்துரலாம்னு அண்ணா. தினம் தினம் சாகறத எதுக்குப் பாத்துட்டு இருக்கணும்? அதால இங்க முடியல."

அவள் குரல் அமைதியாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கடப்பாரையை நானே தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். லாரிக்காரர் முகச்சவரம் பாதியில் ஓடி வந்தார். ஒரு கன்னத்தில் நுரை. அக்கா மாவுக் கையோடு வந்தார். மகன் தூக்கம் கலைந்து வந்தான்.

"விடும்மா, இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்" என்றார் லாரிக்காரர்.

"பாத்தாச்சு மாமா."

மரத்தூளை ஒதுக்கிவிட்டு அவள் தோண்டினாள். மேலே காய்ந்த மண். அதற்குக் கீழே கொஞ்சம் ஈரம். அதற்கும் கீழே கடப்பாரை சதக்கென்று இறங்கியது. இழுத்தபோது கருத்த சேறு வந்தது, கூடவே அழுகிய வாடை. இன்னும் இரண்டு குத்து. குழியின் அடியில் தண்ணீர் கலங்கித் தேங்கி நின்றது. ஊரில் போர்வெல் எல்லாம் புழுதி கக்கும் காலத்தில், லாரிக்காரர் வீட்டு வாசலில் ஊற்று.

எல்லாரும் எட்டிப் பார்த்தோம். அவள் குழிக்குள் கையை விட்டுத் துழாவினாள். பின்பக்கம் ரப்பர் குழாய் தட்டுப்பட்டது. அதைத் தடவிக்கொண்டே போய்ச் செங்கலைத் தூக்கினாள்.

"இது யாரு வச்சது?"

லாரிக்காரர் கன்னத்து நுரையைத் துடைத்தார். "நான்தாம்மா. வேருக்கு நேரா போகட்டும்னு."

"தினமுமா ஊத்துனீங்க?"

"கொஞ்சம்தான். லாரியில தங்குற மிச்சம்தான்."

"அப்ப நீங்க மறக்கவே இல்லையா?" என்றார் அக்கா திகைத்துப்போய். "மறந்துருவீங்கன்னுல்ல நான் தினம் காலைல ஊத்துனேன்."

"நீயுமா?"

மகன் தலையைச் சொறிந்தான். "ஏ.சி. தண்ணி சுத்தமா இருக்குமேன்னு நானும்... வாளிதான். சின்ன வாளி."

மருமகள் சேற்றுக் கையோடு குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

"இது பாறையில வளர்ற மரம். இதைத் தண்ணியில முக்கிச் சாகடிச்சிருக்கீங்க, மூணு பேரும் சேந்து. நான் வெயில்னு நினைச்சேன். இந்த வெயில்ல எதுவும் பொழைக்காதுன்னு நினைச்சேன்."

"நீதான கண்ணு சொன்ன" என்றார் அக்கா. "இது பொழைச்சா நானும் பொழைப்பேன்னு சொன்னியே. அதுக்கப்புறம் எப்படி இதைச் சும்மா விடுறது?"

"எப்ப சொன்னேன்?"

அவளுக்கு நினைவே இல்லை. அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தையை இந்த மூன்று பேரும் மாதக்கணக்கில் தலையில் சுமந்திருக்கிறார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு அக்காவின் மாவுக் கையைத் தன் சேற்றுக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, எனக்கு வெயில் பிரச்சினையே இல்ல."

"பின்ன?"

"நான் இங்க வந்ததுல இருந்து ஒரு வேலை செஞ்சிருக்கேனா? தாகம் எடுக்கறதுக்கு முன்னாடி தண்ணி. பசிக்கிறதுக்கு முன்னாடி சாப்பாடு. வாசல்ல நின்னா உள்ள வா. நீங்க யாரும் கெட்டவங்க இல்ல, அதனால சண்டையும் போட முடியல. மூச்சு முட்டுது அத்தை. அதான் போகலாமான்னு யோசிச்சேன்."

தூரத்தில் எவரோ காலி டிரம்மை உருட்டிக்கொண்டு போனார்கள். அக்கா குழியையே பார்த்துக்கொண்டிருந்தார், வெகுநேரம்.

"இதை எடுத்து வெளிய போடவா?" என்று நான் கேட்டேன். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"வேணாம் அண்ணா. வேர் கொஞ்சம் வெள்ளையா இருக்கு, இன்னும் உயிர் இருக்கு. பாப்போம்" என்றாள்.

அன்று முழுக்க அந்த வேலைதான். மரத்தைத் தூக்கி நிழலில் ஈரத்துணி மேல் கிடத்தினாள். அழுகிய வேர்களைக் கத்தரித்தாள். குழியின் அடியில் இறுகிக் கிடந்த மண்ணை மகனும் நானும் கடப்பாரையால் குத்தி உடைத்தோம், தண்ணீர் இறங்க வழி வரும்வரை. லாரிக்காரர் குழாயைப் பிடுங்கித் தூர எறிந்தார். காய்ந்த மண்ணும் சரளையும் கொட்டிக் குழியை நிரப்பி, தரைக்கு மேலே மேடு கட்டி, மேட்டின் உச்சியில் மரத்தை உட்காரவைத்தாள். அடிமரம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும் என்றாள். வெயில் நேரே அடிக்காமல் ஒரு பழைய போர்வையைக் கட்டினாள். அக்கா ரொட்டியும் வெங்காயம் போட்ட முட்டையும் கொண்டுவந்தார். வழக்கமாக முதல் தட்டு மருமகளுக்குத்தான். அன்று தட்டுகளை நடுவில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அவரவர் எடுத்துக்கொண்டோம்.

அப்புறம்தான் உண்மையான கஷ்டம். ஊற்றாமல் இருப்பது. இருந்த இலையெல்லாம் கொட்டி மரம் குச்சியாக நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்காருவது அந்த வீட்டு ஆட்களால் ஆகிற காரியமா? அக்கா காய் கழுவிய தண்ணீரோடு வாசல்படி வரை வருவார். மேட்டைப் பார்ப்பார். மருமகளின் ஜன்னலைப் பார்ப்பார். தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டு உள்ளே போவார். ஒரு சொட்டுத் தண்ணீரை வீணாக்காதவர் அவர். அந்தத் தண்ணீரைத் தெருவில் கொட்ட அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

குச்சியின் கணுவில் பிள்ளை நகம் அளவுக்கு ஒரு தளிர் வந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். மருமகளுக்குச் சொன்னேன். "பாத்தேன் அண்ணா. யாருக்கும் சொல்லாதீங்க, சந்தோஷத்துல ஊத்திருவாங்க" என்றாள்.

அதே வாரத்தில் ஒரு காலை, அக்கா ஆணியிலிருந்து லாரிச் சாவியை எடுத்து மருமகளிடம் நீட்டினார்.

"ரெண்டாவது நடை, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீடு. கைக்குழந்தை இருக்கு. லேட்டாக்கிராத."

லாரிக்காரர் வாயைத் திறந்தார். அக்கா ஒரு பார்வை பார்த்தார். திறந்த வாய் மூடிக்கொண்டது.

மருமகள் ஏறி உட்கார்ந்து சீட்டை முன்னால் தள்ளினாள். கண்ணாடியைத் திருப்பினாள். மூத்தவள் ஒரு இருமல் இருமிவிட்டுக் கிளம்பினாள். அக்கா கையில் தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. கொடுக்கவே இல்லை. முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி திருப்பத்தில் மறைந்ததும் அந்தத் தண்ணீரைத் தானே குடித்தார். அன்றைக்குப் போன் அடித்தபோதெல்லாம் அவர்தான் எடுத்தார், ஆனால் பேச்சு பாதியில் நின்று நின்று போனது. லாரிக்காரர் என் கடையில் வந்து உட்கார்ந்து, எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

சாயங்காலம்தான் வந்தாள். ஒரு நடை என்று போனவள் மற்ற நடைகளையும் முடித்துவிட்டு வந்தாள். மூக்கும் கன்னமும் கன்றிப்போயிருந்தன. சட்டை முழுக்கப் புழுதி, முழங்கையில் கிரீஸ். வண்டியை ஒரே முறையில் பின்பக்கமாகக் கொண்டுவந்து சுவர் ஓரம் நிறுத்திவிட்டுக் குதித்து இறங்கினாள். நேராகத் திறந்திருந்த கதவு வழியே உள்ளே போனாள். அவள் குரல் தெருவுக்கே கேட்டது.

"அத்தை, பயங்கரமா பசிக்குது."

அந்த வீட்டிலிருந்து 'பசிக்குது' என்று ஒரு சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் முறை. பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. நான் லாரிக்காரரோடு கூடவே உள்ளே போய்விட்டேன். வெட்கமில்லாமல்தான்.

அவள் கை கழுவிவிட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். வேகவேகமாக, பேசிக்கொண்டே சாப்பிட்டாள். போர்வெல்லில் வரிசை நீளம், கைக்குழந்தை வீட்டுக்காரி வண்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தாள், கிளட்ச் கொஞ்சம் இறுக்கம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். லாரிக்காரர் எதிரில் உட்கார்ந்து, ஆமாம்மா, ஆமாம்மா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு முதல் நடை நானே போறேன் மாமா" என்றாள். பிறகு தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "அங்க இருந்து மறுபடி போன் பண்ணாங்க. வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிட்டேன்."

அக்காவின் கை ரொட்டியோடு தட்டுக்குப் பாதி வழி வந்திருந்தது. அங்கேயே நின்றது. கண் நிறைந்து வழிந்தது, அதைத் துடைக்க இன்னொரு கை வரவில்லை. ரொட்டியை மெல்லப் பாத்திரத்திலேயே திரும்ப வைத்தார்.

"வேணும்னா கேளு" என்றார்.

"வேணும் அத்தை. ரெண்டு."